வேலூரை கட்டம் கட்டி எடுத்த கதை

வேலூர் போறேன்னு சொன்னாலே கோட்டை, அகழி, ஸ்ரீபுரம் தங்கக் கோயில்னு ஆளாளுக்கு லிஸ்ட் குடுக்கறாங்க. ஸ்ரீபுரத்துல போனையே உள்ள விட மாட்டாங்க, கோட்டையை எப்படி எடுத்தாலும் கூகுள்ல இருக்கற அதே போட்டோதான் வரும். அதனால இந்த தடவை ஒரே ஒரு தீம், கட்டம். கட்டம் கட்டமா எது கண்ணுல பட்டாலும் எடுக்கணும், மத்தது எவ்ளோ அழகா இருந்தாலும் விட்டுடணும். பக்கத்துல குடியாத்தத்துல லுங்கி நெய்யறாங்கல்ல, அதை வச்சுதான் இந்த யோசனையே வந்துச்சு.

காலையில லாங் பஜார். மூட்டை இறக்கற ஆளுங்க பாதி பேர் கட்டம் போட்ட லுங்கிதான், அதை மடிச்சு கட்டினா கட்டமெல்லாம் சாய்ஞ்சு டைமண்ட் மாதிரி ஆயிடுது, அதுக்குப் பின்னாடி ஷட்டரோட படுக்கை கோடு வந்தா ஃப்ரேம் தானா செட் ஆயிடும். டீக்கடை பெஞ்ச்ல இருந்த பெரியவர் ஒருத்தர் "இன்னாபா, மூஞ்ச வுட்டுட்டு லுங்கிய புடிக்கற?"ன்னாரு. "லுங்கிதாங்க அழகா இருக்கு"ன்னேன், சிரிச்சுட்டு காலை நல்லா நீட்டி உக்காந்துட்டாரு.

கோட்டைக்கு சும்மா ஒரு எட்டு போனேன். 1806 ஜூலை 10 சிப்பாய் புரட்சி இங்கதான், புதுசா ஒரு தலைப்பாகை போடு, நாமம் விபூதி வைக்காத, தாடியை எடுன்னு சிப்பாய்ங்களை வெள்ளைக்காரன் சொன்னதுல வெடிச்சது. ஒருத்தன் உடுப்புல கை வச்சா என்ன ஆகும்னு லுங்கி தேடி வந்தவனுக்கு ஞாபகம் வராம இருக்குமா. கட்டம்னு பாத்தா அங்க பெருசா ஒண்ணும் சிக்கல.

சிஎம்சி ஆஸ்பத்திரி எதிர்ல காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் லாட்ஜா இருக்கும், போர்டெல்லாம் பெங்காலி, இந்தி, தெலுங்குன்னு. ஜன்னல் கிரில்ல துணி காயுது, உச்சி வெயில்ல கிரில் நிழல் சுவத்துல விழுது. வெயில் சரியில்லன்னு கேமராவை மூடி வைக்கற நேரம்தான் இந்த தீமுக்கு பெஸ்ட். ஆனா அங்க வைத்தியத்துக்கு வந்தவங்க மூஞ்சியை எடுக்காதீங்க, கேட்டுட்டு எடுத்தாலும் எனக்கு அது சரியா படல.

மத்தியானம் காட்பாடியில ரயில் புடிச்சு குடியாத்தம். ஒரு தறி வீட்ல கேட்டதும் உள்ள விட்டாங்க. தறிக்கு மேல இருந்து குனிஞ்சு பாத்தா, இன்னும் நெய்யாத பாவு நூல்ல நீள நீளமா வெறும் கோடுதான் இருக்கு, குறுக்க ஊடை நூல் கலர் மாத்தி ஓடின இடத்துல இருந்துதான் கட்டம் ஆரம்பிக்குது. பாதி கோடு, பாதி கட்டம், நடுவுல நெய்யறவரோட கை. அண்ணன் ஊடை நூல் ஓட்டற நாடாவை மாத்தி மாத்தி போட்டுக்கினே "சீக்கிரம் எடுத்துக்க, இது நவுந்துடும்"னாரு. இந்த ஒரு போட்டோவுக்காகவே குடியாத்தம் போகலாம்.

வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் ப்ளாக் அண்ட் ஒயிட் ஆக்கலாம்னு பாத்தா, செவப்பும் பச்சையும் ஒரே சாம்பலா போய் பாதி லுங்கியில கட்டமே காணோம். அதனால லாட்ஜ் கிரில் மட்டும் ப்ளாக் அண்ட் ஒயிட், லுங்கியும் தறியும் கலர்லயே விட்டுட்டேன்.