ஓடுந்தோறும் மாறும் விடை: பணிசெயல் முறைமைகள் கற்ற அனுபவம்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படித்துவிட்டு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்துக்கு வந்த எனக்கு, கணினியின் வன்பொருளையும் நிரல்களையும் நிர்வகிக்கும் மென்பொருள்களான பணிசெயல் முறைமைகள் (ஒப்பரேட்டிங் சிஸ்டம்) முற்றிலும் புதிய பாடமன்று. புரொசஸ் ஒன்றின், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரலொன்றின், நிலைகளைக் காட்டும் வட்டங்களையும் அம்புக்குறிகளையும் பாடசாலைக் கொப்பியிலேயே வரைந்திருந்தோம். ஆயினும் அவற்றின் பொருளை விளங்கவைத்தவை, ஆய்வுகூடத்தில் லினக்ஸில் சி மொழியில் எழுதிய சின்னஞ்சிறு நிரல்களே.

ஒரு வரியை அச்சிட்டுவிட்டு, தன்னையே பிரதி செய்து பிள்ளைப் புரொசஸ் ஒன்றை உருவாக்கும் ஃபோர்க்கை அழைக்கும் நிரல், திரையில் அந்த வரியை ஒரு தடவைதான் காட்டியது. வெளியீட்டைக் கோப்பொன்றுக்குத் திருப்பியபோது அதே வரி இரண்டு தடவை பதிவாகியிருந்தது. திரைக்குச் செல்வது வரி முடிந்தவுடன் அனுப்பப்படுகிறது. கோப்புக்குச் செல்வதோ பஃபர் எனும் தற்காலிக நினைவக இடத்தில் தேங்கி நிற்கிறது. பிள்ளைப் புரொசஸ் பெற்றோரின் நினைவகத்துடன் அந்தத் தேக்கத்தையும் பிரதியாகப் பெறுவதால், முடியும் வேளையில் இரண்டும் அதனைத் தனித்தனியே எழுதிவிடுகின்றன. ஃபோர்க் எதைப் பிரதி செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விரிவுரைக் குறிப்பும் எனக்குக் காட்டவில்லை.

சீபியூ நேரத்தைப் பங்கிடும் முறைகள் கணக்காகவே வந்தன. புள்ளி எடுக்க இலகுவான பகுதி, படிக்கச் சலிப்பானதும் அதுவே. நினைவகத்தைச் சம அளவுப் பக்கங்களாகப் பிரித்துக் கையாளும் பக்கமிடலில் மட்டும் ஒரு கணக்கு வியக்கவைத்தது. முதலில் வந்த பக்கத்தை முதலில் அகற்றும் முறையில் 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற பக்க எண் தொடரைச் செய்து பார்த்தால், 3 சட்டங்கள் (பக்கங்களை வைக்கும் நினைவக இடங்கள்) இருக்கும்போது 9 பக்கத் தவறுகளும் (கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லாத தடவைகள்), 4 சட்டங்கள் இருக்கும்போது 10 தவறுகளும் வருகின்றன. நினைவகத்தைக் கூட்டத் தவறும் கூடுகிறது. பெலடி முரண் என்பது இதுதான்.

மிகக் கூடிய நேரத்தை எடுத்தது, ஒரு புரொசஸுக்குள்ளேயே ஒருங்கே ஓடும் வேலை இழைகளான திரெட்டுகள் பற்றிய பகுதி. இரண்டு திரெட்டுகள் ஒரே மாறியைத் தலா 10 இலட்சம் தடவை ஒன்றால் கூட்டினால் விடை 20 இலட்சமாக வேண்டும். எனக்கோ ஒவ்வோர் ஓட்டத்திலும் வெவ்வேறான, அதனிலும் குறைந்த எண்களே வந்தன. பக்கத்திலிருந்த நண்பன், "மச்சான், எனக்குச் சரியாத்தானே வருது" என்றான். நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கொம்பைலரை அவன், நிரலை வேகமாக்கும் ஓ2 தெரிவுடன் இயக்கியிருந்தான். சுற்று முழுவதையும் அது ஒரே கூட்டலாகச் சுருக்கிவிட்டதால், திரெட்டுகள் மோதிக்கொள்வதற்கு இடைவெளியே இருக்கவில்லை. அந்தத் தெரிவின்றி உருவாகும் அசெம்பிளியில் (இயந்திரக் கட்டளைகளின் எழுத்து வடிவில்), நினைவகத்திலிருந்து வாசித்தல், கூட்டுதல், திரும்ப எழுதுதல் என மூன்று கட்டளைகள் இருப்பதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு திரெட் வாசித்ததற்கும் எழுதுவதற்கும் நடுவில் மற்றையது எழுதிவிட்டால், அதன் கூட்டல் அழிந்துபோகிறது.

ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் அனுமதிக்கும் மியூடெக்ஸ் பூட்டைச் சேர்த்ததும் விடை சரியாயிற்று, நிரலோ கண்கூடாகவே மந்தமாயிற்று. 1960களில் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா முன்வைத்த, எண்ணொன்றைக் கொண்டு காத்திருப்பை ஒழுங்குபடுத்தும் செமஃபோரை அதன் பின்னரே ஆர்வத்துடன் படித்தேன். பூட்டு எதற்கென்று உணராத நிலையில் அது வெறும் வரைவிலக்கணமாகவே இருந்திருக்கும்.

பரீட்சையில், இரண்டு வங்கிக் கணக்குகளுக்கிடையே எதிரெதிர்த் திசைகளில் ஒரே நேரத்தில் பணம் மாற்றும் இரண்டு திரெட்டுகள் ஒன்றையொன்று காத்து முடங்குவதைத் தவிர்க்குமாறு கேட்டிருந்தார்கள். எத்திசையில் மாற்றினாலும் சிறிய இலக்கமுடைய கணக்கின் பூட்டையே முதலில் எடுக்க வேண்டும், அப்போது வட்டக் காத்திருப்பு உருவாகாது என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றேன்.