தேன்குழலின் அடியில் ஒட்டியிருந்த எழுத்து

காரைக்குடிப் பக்கம் எங்கள் அயித்தை இருபது வருடமாகப் பலகாரம் போடுகிறார். கல்யாணச் சீர், தீபாவளி ஆர்டர், சிங்கப்பூருக்குப் பார்சல் என்று தேன்குழல், மணகோலம், அதிரசம், சீப்புச் சீடை எல்லாம் அந்த வீட்டின் இரண்டாம் கட்டிலிருந்துதான் போகும். குளிக்காமல் அடுப்படிக்குள் யாரையும் விடமாட்டார். அதனால் இரண்டு வருடத்துக்கு முன் ஒருநாள் காலையில் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வாசலில் வந்து நின்றபோது எங்களுக்கு வந்தது கோபம்தான். ஊரில் எத்தனை கடை இருக்கு, இங்கே எதுக்கு வர்றாங்க என்று.

வந்த அம்மா யாரையும் அதட்டவில்லை. எண்ணெய் வடியப் பரப்பியிருந்த தேன்குழலில் ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அடியில் செய்தித்தாள் மை. "மாவட்ட" என்று ஒரு சொல், கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாக மாறி அப்படியே பதிந்திருந்தது. "ஆச்சி, இதைப் பேரப்பிள்ளைக்குக் குடுப்பீங்களா?" என்று கேட்டார். அயித்தை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. செய்தித்தாளில் தின்பண்டத்தை வைக்காதீர்கள் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே சொல்லிவிட்டது, அந்த மையில் உடம்புக்கு ஆகாத ரசாயனம் இருக்கிறது, சூடான எண்ணெய்ப் பலகாரத்தில் அது எளிதாக இறங்கிவிடும். எங்கள் வீட்டில் பேப்பரைத்தான் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் எண்ணெய். கம்பி மாதிரி ஒரு கருவியைச் சட்டிக்குள் விட்டார், திரையில் 31 என்று வந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேருகிற கெட்ட பொருள்களை அது அளக்கிறதாம், 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்கு வைக்கக் கூடாது. 2018 ஜூலையிலிருந்து இருக்கிற விதி. "நேத்துத்தானேம்மா புது டின் உடைச்சு ஊத்துனேன்" என்றார் அயித்தை. அது உண்மைதான், ஆனால் முந்தாநாள் மிச்சத்தின் மேல் ஊற்றியிருந்தார். பழையது புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும் என்று அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவாகும் இடங்கள் அதற்குப் பதிவேடு வைக்க வேண்டும், எங்களைப் போன்ற வீட்டுத் தொழிலுக்கு அது கிடையாது. ஆக, யாராவது நேரில் வந்து சட்டிக்குள் பார்த்தால்தான் உண்டு.

அபராதம் போடவில்லை. முன்னேற்ற அறிவிப்பு என்று ஒரு தாள் கொடுத்தார். 2006-ஆம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு அது: என்ன குறை, எதைச் சரிசெய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, குறைந்தது 14 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்குள் சரிசெய்யாவிட்டால் உரிமத்தை நிறுத்தி வைக்கலாம், அதன் பிறகும் சரிசெய்யாவிட்டால் ரத்தே செய்யலாம். நாங்கள் அதுவரை பதிவு கூடச் செய்திருக்கவில்லை. வருடத்துக்கு 100 ரூபாய்தான் ஆனது.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் அந்தத் தாள் இல்லை. அவர் திரும்பி வந்தார். பதினேழாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல், அடுப்பு எரிகிற நேரத்தில். பேப்பருக்குப் பதில் போட்டிருந்த கம்பி வலைத் தட்டையும் தனியாக மூடி வைத்திருந்த பழைய எண்ணெய்க் கேனையும் பார்த்து, கருவியை மறுபடி விட்டுப் பார்த்துவிட்டுப் போனார். அவர் வராமல் போயிருந்தால் ஒரு மாதத்தில் மறுபடி பேப்பர் விரித்திருப்போம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெரும்பாலும் நாம் பார்ப்பது வேறு மாதிரி. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் இறந்துபோனாள். உடனே மாநிலம் முழுக்க சோதனை, கெட்ட கறியைக் குழியில் கொட்டிப் பினாயில் ஊற்றுகிற படம், கேமரா. அதில் தப்பில்லை, அந்தக் கறி யார் வயிற்றுக்கும் போகவில்லையே. ஆனால் பினாயில் ஊற்றிய கடைக்கு அடுத்த மாதம் யார் போனார்கள்?

போன வருடம் ஒரு பெரிய ஓட்டலில் சாப்பிட்டு என் மகன் இரண்டு நாள் வாந்தி பேதியில் சுருண்டு கிடந்தான். புகார் கொடுத்தேன். நாலாவது நாள் ஆள் போயிருக்கிறார்கள், அன்றைக்கு ஃப்ரீசர் பளபளவென்று இருந்ததாம், நாங்கள் சாப்பிட்ட கறியில் மாதிரி எடுக்க ஒரு துண்டு கூட மிச்சமில்லை. புகார் முடிந்தது என்று செய்தி வந்தது. இன்றைக்கும் அந்த ஓட்டலில் சனி ஞாயிறு உட்கார இடம் கிடைக்காது. மறுபடி ஒருதடவை, கூட்டம் நிறைந்த ராத்திரி ஒன்பது மணிக்கு, சொல்லாமல் போய்ப் பார்த்திருக்கலாம் இல்லையா? அதற்கு ஆள் வேண்டும், வண்டி வேண்டும் என்பது புரிகிறது. ஓர் அலுவலருக்கு ஒரு வட்டாரம் முழுக்கக் கொடுத்துவிட்டு, டீக்கடையிலிருந்து அரிசி ஆலை வரைக்கும் நீயே பார் என்றால் அவரால் எத்தனை இடத்துக்கு இரண்டாவது தடவை போக முடியும்? அரசாங்கம் செலவு செய்ய வேண்டியது அதற்குத்தான்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கிறது. அயித்தை நேற்று மாவு இடிக்கக் கொடுத்துவிட்டார், புது எண்ணெய் டின்கள் வளவில் அடுக்கியிருக்கின்றன. "அந்தப் பொண்ணு இந்த வருசம் வருமாடா?" என்று கேட்டார். மாறுதலாகிப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை.