பிளாக்ஜாக்கில் சூதாட்ட விடுதிக்குச் சாதகம் எங்கே?

சூதாட்ட விடுதிகளில் ஆடும் சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில் ராஜா, ராணி, ஜாக்கிக்குப் பத்துப் புள்ளி, ஏஸுக்கு ஒன்றோ பதினொன்றோ, 21ஐத் தாண்டினால் ஆட்டம் போயிற்று என்பவற்றை எவரும் எளிதில் கற்றுக்கொள்ளலாம். விடுதியின் சார்பில் சீட்டுப் போடுபவர் 17 வரும்வரை எடுத்தே ஆக வேண்டும் என்று அவருடைய கையைக் கட்டிப்போட்டிருந்தும் விடுதிக்கே சாதகமாக இருப்பதற்குக் காரணம், நாம் முதலில் எடுத்து 21ஐத் தாண்டிய கணமே பணயம் போய்விடுவதும், பிறகு அவரும் தாண்டினாலும் அது திரும்பாததும்தான். நம் கையில் 16 இருந்து, அவர் முன்னால் 6 திறந்திருந்தால் மேலும் சீட்டு கேட்காமல் நிற்க வேண்டும். அதுவே 10 என்றால், மனம் எவ்வளவு தயங்கினாலும் இன்னொரு சீட்டு கேட்பதே நட்டத்தைச் சற்றுக் குறைக்கும். இந்தக் கணக்கை அமெரிக்க ராணுவத்தில் இருந்த நால்வர் வெறும் மேசைக் கணிப்பான்களைக் கொண்டே போட்டு 1956இல் வெளியிட்டார்கள் என்பது என்னைப் பொறுத்தவரை ஆட்டத்தைவிடச் சுவையானது.