கைமாறி வந்த பெட்டிகள்

யாழ்ப்பாணத்து நல்லூரில் திருவிழாக் கொடியேறினால் எங்கள் கடையில் வேலை இரட்டிப்பாகும். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ் என்று வந்திறங்குகிறவர்களின் சூட்கேசுகளில், உடுப்புக்கும் சொக்லேற்றுக்கும் நடுவே துவாயால் சுற்றிய ஒரு கேம் கன்சோல், டிவியில் பூட்டி விளையாடும் பெட்டி, இருக்கும். அங்கே மகனுக்குப் புதியது வாங்கியாயிற்று. பழையது இங்கே மருமகனுக்கு. அதைத் திறந்து, தூசி எடுத்து, ஓடவைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். 2003இல் இந்தக் கடையில் உதவிக்கு நிற்கும் பெடியனாகச் சேர்ந்தேன். இப்போது கடையே என் பொறுப்பில் இருக்கிறது.

கன்சோல்களின் எதிர்காலம் பற்றி எழுதுகிறவர்கள் புதிதாக என்ன வரப்போகிறது என்று பார்ப்பார்கள். நான் நிற்பது மற்றப் பக்கத்தில். ஒரு பெட்டி ஆறேழு வருடம் ஓடி, கடல் தாண்டி, இரண்டாவது ஆளின் கைக்கு வரும் இடத்தில். அங்கே நின்று இத்தனை வருடம் பார்த்ததில் எனக்கு ஒரு கவலை வந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போரால் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகுதான் நான் சோனியின் பிளேஸ்ரேஷன் 2ஐக் கண்ணால் கண்டேன். முதலாளி அண்ணை சொல்லித்தந்த முதல் பாடம், பெட்டியைப் பின்பக்கம் திருப்பி வோல்ற்றேஜ் வாசிப்பது. லண்டனில் இருந்து வந்ததென்றால் பயமில்லை, நேரே செருகலாம். கனடாவில் இருந்து வந்த அந்தப் பெரிய பிளேஸ்ரேஷன் 2க்கு 120 வோல்ற்தான். நம் வீட்டுச் சுவரில் இருப்பது 230. வாசிக்காமல் செருகினால் ஒரு வெடிச் சத்தம், அப்புறம் கருகிய மணம். நான் சேர்ந்த முதல் மாதமே அப்படி ஒன்றை ஒரு தகப்பன் கொண்டுவந்தார். பின்னால் நின்ற மகன் அழுது முடித்த முகத்தோடு நின்றான். செத்துப்போன ஒரு லண்டன் பெட்டியின் பவர் சப்ளையைக் கழற்றி அண்ணை இதற்குப் போட்டார். சிவப்பு லைற் எரிந்தபோது அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டான். இந்த வேலையில் இருந்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டது. அரிசிக்கும் சீனிக்குமே கப்பலைப் பார்த்திருந்த காலத்தில் டிஸ்க்கை வாசிக்கும் லென்ஸ் எங்கே வரும்? ஆனால் ஊரடங்கு நேரத்தில் பிள்ளைகளுக்கு வீட்டுக்குள் இருந்தது அந்தப் பெட்டி மட்டும்தான். கிரிக்கெட் 07 கேம் ஓடாத வீடு எங்கள் ஒழுங்கையில் இருந்ததாக ஞாபகமில்லை. லென்ஸ் களைத்து டிஸ்க்கை வாசிக்க மறுத்தால், லென்ஸ் கட்டையில் கடுகளவாக இருக்கும் திருகியை மல்ரிமீற்றரைப் பார்த்துப் பார்த்து மெல்லத் திருப்புவோம். மின்தடை குறையும், லேசருக்குப் போகும் மின்னோட்டம் கூடும், பெட்டி மறுபடி வாசிக்கும். அதோடு லென்ஸின் ஆயுளும் குறையும். அதை வாடிக்கையாளருக்குச் சொல்லிவிட்டுத்தான் அண்ணை கை வைப்பார். "இன்னும் ஆறு மாசம் ஓடும், அதுக்குள்ள பாதை திறந்தா புதுசு போடலாம்" என்பார். பாதை 2009 வரை திறக்கவில்லை. அதே லென்ஸுகளை மூன்று முறை, நான்கு முறை திருப்பினோம்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. அப்போது இங்கே ஓடியவற்றில் அநேகமானவை பிரதி எடுத்த டிஸ்க்குகள். ஒரு கேமின் பின்னால் எத்தனை பேருடைய வருடங்கள் இருக்கின்றன என்று பின்னாளில் விளங்கியபோது எனக்கு அது உறுத்தியது. இன்றும் உறுத்துகிறது.

பிளேஸ்ரேஷன் 2 உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றது. அந்தப் பெட்டி இங்கே இருபது வருடம் ஓடியதற்குக் காரணம் எங்கள் கெட்டித்தனம் மட்டுமல்ல. அது திறக்கக்கூடியதாக இருந்தது. ஒரு பெட்டியின் டிஸ்க் ஓட்டும் றைவ் இன்னொன்றில் வேலை செய்தது. டிஸ்க் எவரிடம் இருந்ததோ கேம் அவருடையது.

பிளேஸ்ரேஷன் 4 காலத்தில் வேலை மாறியது. கடற்காற்றின் உப்பு, டிவிக்குப் படம் போகும் எச்டிஎம்ஐ வாயைப் பச்சையாக்கும். சூட்டுக்காகப் பவர் சப்ளைக்குள் புகுந்த பல்லி இரண்டு முனைகளுக்குக் குறுக்கே படுத்துத் தானும் செத்துப் பெட்டியையும் நிறுத்தும். இது எங்கள் ஊரில் அடிக்கடி வரும் வருத்தம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் போன நாட்களில், எழுதிக்கொண்டிருக்கும்போதே நின்று ஹார்ட் டிஸ்க் குழம்பிய பெட்டிகள் மேசைக்குக் கீழும் அடுக்கியிருந்தன. சேஃப் மோடில் ஏற்றி, தரவுத்தளத்தை மீளக் கட்டி, முடியாவிட்டால் புது டிஸ்க் போட்டோம். டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குப் போன வருடம் அது. பழையதைத் திருத்துவதைத் தவிர எவருக்கும் வேறு வழி இருக்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் சிறிய ஒரு விஷயம் என் கண்ணைத் திறந்தது. பிளேஸ்ரேஷன் 4க்குள் நேரத்தை வைத்திருக்க ஒரு சிஆர்2032 பற்றரி இருக்கும், கைக்கடிகாரப் பற்றரி மாதிரி. அது செத்து, இணையமும் இல்லாமற் போனால், கையில் டிஸ்க் இருந்தும் கேம் திறக்காத நிலை இருந்தது. 2021 செப்ரெம்பரில் வந்த 9.00 மென்பொருளோடு சோனி அதைச் சரிசெய்தது. நல்ல விஷயம். ஆனாலும் சொந்தமாக இருக்கும் பொருள் எங்கேயோ இருக்கும் ஒரு சேர்வரைக் கேட்டுத்தான் திறக்கும் என்ற நினைப்பு எனக்கு அதுவரை வந்ததே இல்லை.

இன்றைக்குப் போகும் திசையும் அதுதான். மைக்ரோசொஃப்டின் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ்ஸில் டிஸ்க் போட இடமே இல்லை. பிளேஸ்ரேஷன் 5 முதல் நாளே டிஸ்க் இல்லாத இன்னொரு வடிவத்தோடு வந்தது. 2024 நவம்பரில் 700 டொலருக்கு வந்த பிளேஸ்ரேஷன் 5 புரோவில் றைவைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2இல் சில கேம்களுக்கு அட்டை விற்கிறார்கள், ஆனால் அட்டைக்குள் கேம் இல்லை, இறக்கிக்கொள்ளும் உரிமை மட்டும்தான். அந்த அட்டையைக் கைமாற்றலாம் என்பது ஓர் ஆறுதல். இறக்கித் தரும் சேர்வர் எத்தனை வருடம் இருக்கும் என்பதுதான் கேள்வி.

றைவ் உள்ள பெட்டியிலும் பழைய சுதந்திரம் இல்லை. முதலில் வந்த பிளேஸ்ரேஷன் 5இன் றைவில் உள்ள மின்சுற்றுப் பலகை அதே பெட்டியின் மதர்போட்டோடு சோடி சேர்க்கப்பட்டது. இன்னொரு பெட்டியின் றைவைப் போட்டால் வாசிக்காது. பழைய பலகையை வைத்துக்கொண்டு மற்றப் பாகங்களை மட்டும் மாற்ற வேண்டும். 2023இல் வந்த மெல்லிய வடிவத்தில் றைவைக் கையாலேயே கழற்றிப் பூட்டலாம், ஆனால் முதல் தடவை இணையத்தில் பதிய வேண்டும். களவுப் பிரதியைத் தடுக்க வேண்டியது நியாயம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினைந்து வருடம் கழித்து, அந்தப் பதிவு சேர்வர் நின்ற பிறகு, என் மேசைக்கு வரும் பெட்டியை நான் என்ன செய்வது?

இரண்டு வருடத்துக்கு முன் கொக்குவிலில் இருந்து ஒரு தம்பி வந்தான். வெளிநாட்டில் இருக்கும் மாமா தன் இணையக் கணக்கோடு கொடுத்த பெட்டி, நாற்பது கேம் அளவில் இருந்தன. மாமாவின் வங்கி அட்டையில் ஏதோ காசுப் பிரச்சினை, கணக்குப் பூட்டப்பட்டுவிட்டது. ஒரு கேமும் திறக்கவில்லை. மாமா எழுதிய மின்னஞ்சல்களுக்கு ஒரே மாதிரியான பதில் வந்துகொண்டிருந்தது. பெட்டி நல்ல நிலையில் இருந்தது. அன்றைக்கு நான் ஒரு திருகாணியும் கழற்றவில்லை. "அண்ணா, ஒண்டும் செய்யேலாதோ?" என்று அவன் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதே வாரம், 2006இல் கனடா போன ஒருவர் அம்மம்மா வீட்டுப் பரணில் விட்டுப்போன தன் பிளேஸ்ரேஷன் 2ஐக் கொண்டுவந்தார். லென்ஸ் ஓடும் தண்டவாளத்துக்குக் கிறீஸ் போட்டு, லென்ஸைத் துடைத்தேன். எட்டு மெகாபைற் மெமறிக் காட்டில் அவர் பாதியில் விட்ட தொடர் அப்படியே இருந்தது. அவர் மகனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

கிளவுட் கேமிங் வந்தபோது முதலில் பயந்தேன். பெட்டியே வேண்டாம், வேலையெல்லாம் தூரத்துக் கணினியில் நடக்கும், படம் மட்டும் வீட்டுக்கு வரும் என்றார்கள். கூகிள் 2019 நவம்பரில் தொடங்கிய ஸ்ரேடியா என்ற அப்படியான சேவையை 2023 ஜனவரி 18இல் மூடிவிட்டது. வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தது, அது பாராட்டுக்குரியது. மூடியதற்குக் காரணங்கள் பல, ஆனால் ஒன்று என்றும் மாறாது: தூரம். நொடிக்கு 60 படம் மாறும் கேமில் ஒரு படத்துக்குக் கிடைப்பது 16.7 மில்லி செக்கன். பொத்தானை அமுக்கியது கடலடிக் கேபிளில் வேறு நாட்டுக்குப் போய், படமாகத் திரும்பி வருவதற்குள் பந்து விக்கெட்டைத் தாண்டிவிடும். அதனால் வீட்டில் ஒரு பெட்டி இருக்கத்தான் போகிறது என்று நம்புகிறேன். கன்சோல் செத்துவிட்டது என்ற கதையை நான் பல தடவை கேட்டுவிட்டேன். கைப்பேசி வந்து கேம் வருமானத்தில் ஏறத்தாழப் பாதியை எடுத்துக்கொண்ட பிறகும் அது சாகவில்லை.

எனக்குள்ள கவலை விலையைப் பற்றியது. 2000இல் அமெரிக்காவில் 300 டொலருக்கு வந்த பிளேஸ்ரேஷன் 2, 2009இல் 100 டொலருக்கு இறங்கியது. 2020இல் 500 டொலருக்கு வந்த பிளேஸ்ரேஷன் 5, 2025 ஓகஸ்டில் அங்கே 550 டொலர். வயது போகப் போக விலை ஏறும் பெட்டியை நான் முன்பு கண்டதில்லை. முன்பெல்லாம் உள்ளே இருக்கும் கணினிச் சில்லு (சிப்) சிறுக்கச் சிறுக்கச் செலவும் குறைந்தது. இப்போது அந்த இறக்கம் நின்றுவிட்டது. அமெரிக்க இறக்குமதி வரி ஒரு பக்கம். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போவது இன்னொரு பக்கம். ராம் (நினைவகம்) விலை ஏறியதை லப்டொப் திருத்தும் எவரும் சொல்வார்கள். ரொறன்ரோவில் இருப்பவர் புதியதை வாங்கத் தயங்கினால் பழையது சூட்கேசில் ஏறாது. வந்தாலும் டிஸ்க் இல்லாத பெட்டியாக வந்தால், கூடவே கேம்கள் வராது. ஒரு பையன் நூறு ஜிபிக்கு மேல் வரும் கேமை வீட்டு டேற்றாவில் இறக்க வேண்டும். சிலர் பெட்டியைக் கொண்டுவந்து, "அண்ணா, இரவைக்கு உங்கட ஃபைபரில விடுங்கோ" என்று தந்துவிட்டுப் போகிறார்கள். காசு வாங்குவதில்லை.

இந்தத் தொழிலைப் பழகலாமா, கேம் செய்யப் படிக்கலாமா என்று கேட்டு வரும் பெடியளும் இருக்கிறார்கள். மைக்ரோசொஃப்ட் 6,870 கோடி டொலர் கொடுத்து அக்டிவிஷன் பிளிசார்ட் என்ற கேம் நிறுவனத்தை வாங்கி முடித்தது 2023 ஒக்ரோபரில். மூன்று மாதத்தில் தன் கேம் பிரிவில் 1,900 பேரை நிறுத்தியது. அடுத்த மாதம் சோனி 900 பேர் என்று அறிவித்தது. இதை மறைக்காமல் சொல்கிறேன். அப்புறம், படிக்கத்தான் சொல்கிறேன். இரண்டு பேர், மூன்று பேர் சேர்ந்து செய்த கேம்கள் உலகம் முழுக்க ஓடுவதை இங்கே திரையில் போட்டுக் காட்டுகிறேன்.

போன திருவிழாவுக்குக் கோண்டாவிலில் இருந்து ஒரு அன்ரி வந்தார். லண்டனில் உள்ள தம்பி வீடியோ அழைப்பில் இருந்தார். "டிஸ்க் போடுறதையோ, போடாததையோ வாங்குறது? போடாதது மலிவு எண்டு இவன் சொல்லுறான்."

"டிஸ்க் போடுறதையே கொண்டுவரச் சொல்லுங்கோ அன்ரி. பிள்ளை பக்கத்து வீட்டில இரவல் வாங்கலாம், முடிஞ்சதை விக்கலாம்."

"அப்ப பழசை எடுப்பீங்களோ தம்பி?"

எடுத்தேன். பிளேஸ்ரேஷன் 4. உள்ளே சூடு கடத்தும் பசையை மாற்றினேன், புதுப் பற்றரி போட்டேன், தானாக ஓடிக்கொண்டிருந்த கொன்ரோலரின் இடது குச்சிக்குக் காந்தத்தில் வேலை செய்யும் புது வகையைப் பற்ற வைத்தேன், அது லேசில் தேயாது. சாவகச்சேரியில் ஒரு பெடியன் சித்திரையில் இருந்து காசு சேர்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, கேம் ஏதும் சேர்த்துத் தருவீங்களோ?" என்று தயங்கிக் கேட்டான்.

அன்ரி வீட்டுப் பிள்ளை பெயர் எழுதிய மூன்று டிஸ்க்கைப் பெட்டியோடு வைத்திருக்கிறேன் என்றேன்.