குனிசாகி மலையில் காளான் விதைக்கும் மாதம்

ஜப்பானின் கியூஷு தீவில், ஓய்தா மாகாணத்தின் வடகிழக்கில் கடலுக்குள் நீண்டிருக்கிறது குனிசாகி தீபகற்பம். மார்ச் நடுவில், செர்ரி பூப்பதற்கு முன் போயிருந்தேன். விருந்தினரைத் தங்கவைக்கும் ஒரு சிறு விவசாயக் குடும்பத்தோடு தங்கினேன். கொஞ்சம் நெல் வயல், வீட்டுக்குப் பின்னால் குனுகி என்னும் ஓக் மரத்தோப்பு. அவ்வளவுதான் அவர்கள் நிலம்.

வசந்தம் வந்தால் அந்த வீட்டில் யாருக்கும் உட்கார நேரமில்லை. பழைய கட்டைகளில் ஷிட்டாக்கே காளான் முளைத்துக்கொண்டே இருக்கும். மழை பெய்தால் குடை சட்டென விரிந்துவிடும் என்பதால் அதற்குள் காம்பைத் திருகிப் பறித்தாக வேண்டும். குளிரில் மெல்ல வளர்ந்து, குடை விரியாமல் தடித்திருப்பது 'டொங்கோ'. அதற்குத்தான் விலை.

புதுக் கட்டைகளில் விதைப்பதும் இதே சமயத்தில்தான். இலை மஞ்சளாகும் பருவத்தில் மரத்தை வெட்டி, கிளையும் இலையுமாகக் காட்டிலேயே கிடத்திவிடுகிறார்கள். ஈரம் வற்றியதும் ஒரு மீட்டர் நீளத்துக்குத் துண்டு போடுகிறார்கள். தாத்தா டிரில்லால் துளை போட்டுக்கொண்டே போக, பாட்டி சுத்தியலோடு பின்னால் வந்தார். காளான் பூசணம் படர்ந்த, விரல்நுனி அளவு மரமுளைதான் வித்து. பட்டையோடு மட்டமாக இறங்கும்வரை அடிக்க வேண்டும், துருத்தினால் காய்ந்துவிடும். முழுதாக இறங்கியதும் அடியின் ஓசை கனத்துப்போகிறது. நான் அடித்தபோது பாட்டி கட்டையைப் பார்க்கவே இல்லை, காது கொடுத்துக் கேட்டுத்தான் தலையாட்டினார்.

இந்த முளைவித்து வருமுன், கட்டையைக் கொத்திவைத்துவிட்டுக் காற்றில் வித்து வந்து விழுமா என்று காத்திருந்தார்களாம். பொய்த்தால் கடன்தான்.

விதைத்தபின் இரண்டு கோடை தாண்டித்தான் நல்ல விளைச்சல். நம்மூரில் வைக்கோல் பையில் சிப்பிக் காளான் ஒரு மாதத்துக்குள் வந்துவிடுவதைப் பார்த்த எனக்கு அந்தப் பொறுமை மலைப்பாக இருந்தது. நாலைந்து வருஷம் காய்த்த கட்டை மக்கி, காண்டாமிருக வண்டுக்குப் பிள்ளைப்பேற்று வீடாகிறது. வெட்டிய அடிமரமோ துளிர்த்து, சுமார் 15 வருஷத்தில் மறுபடி வெட்டுக்குத் தயாராகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்குப் பின்னாலிருக்கும் நீர்க்கணக்கு. இங்கே மழை குறைவு, எரிமலை மண்ணில் தண்ணீர் தங்காது, ஆறுகளும் நீளம் குறைவு. ஆகவே முன்னோர்கள் ஏரிகளை வெட்டி, கால்வாயால் ஒன்றோடொன்று இணைத்தார்கள். இந்த வட்டாரத்தில் சுமார் 1,200 இருக்கின்றன. காளானுக்காக வளரும் குனுகிக் காடு மழைநீரைப் பிடித்து வைத்து ஏரிக்கு விடுகிறது. ஏரி நீரை முறைவைத்துத் திறந்துவிட ஊருக்கொரு பொறுப்பாளர் உண்டு, நம் ஊர் நீர்கட்டி போலவே. காளான் விற்றால்தான் காட்டைப் பராமரிக்க ஆள் இருக்கும், காடு இருந்தால்தான் வயலுக்குத் தண்ணீர். ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2013இல் இந்த முறையை உலக வேளாண் பாரம்பரியமாக அங்கீகரித்தது மிகச் சரி.

போகிறவர்கள் மார்ச்சில் போங்கள். உலர்ந்த டொங்கோ வாங்கினால் வெந்நீரில் போட்டு அவசரப்படுத்தாதீர்கள். ராத்திரி முழுக்கக் குளிர்ந்த தண்ணீரில் ஊறட்டும், ஊறிய நீரையும் ரசத்துக்கோ சூப்புக்கோ எடுத்து வையுங்கள்.