டாலஸிலிருந்து விச்சிட்டாவுக்கு

மே 18, 2024, சனி

கீழ் வீட்டுப் பெண் (பெயர் வேண்டாம், தங்கச்சி என்றே வைத்துக்கொள்கிறேன்) காலையில் வந்து சோபாவில் உட்கார்ந்தவள் அரைமணி நேரம் வாயே திறக்கவில்லை. நேற்று 13-வது வார ஸ்கேன். குழந்தைக்கு மண்டையோடு உருவாகவே இல்லையாம். பிறந்தாலும் சில மணி நேரம், மிஞ்சினால் சில நாள். "அடுத்து என்ன டாக்டர்னு கேட்டேன்க்கா. அந்தம்மா ஒரு தடவை கதவைத் திரும்பிப் பார்த்தாங்க. அப்புறம், இந்த டெக்சாஸ் மாநிலத்துல என்னால எதுவும் செய்ய முடியாதுன்னாங்க." சரி, எங்கே போகலாம் என்று கேட்டதற்குப் பதிலே இல்லை. ஸ்கேன் படத்தைக் கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

மே 19, ஞாயிறு

ராத்திரி முழுக்க டெக்சாஸின் கருக்கலைப்புச் சட்டங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். 2021 செப்டம்பரில் வந்த சட்டம், கருவின் துடிப்பு தெரிந்த பிறகு கலைக்கக் கூடாது என்கிறது. அதாவது ஏறக்குறைய 6 வாரம். நாள் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும், பல பேருக்கு விஷயமே தெரிந்திருக்காது. உதவி செய்தவர்கள் மேல் யார் வேண்டுமானாலும் வழக்குப் போடலாம், ஜெயித்தால் குறைந்தது 10,000 டாலர். 2022 ஆகஸ்ட் 25 முதல், தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, முழுத்தடை. மீறும் டாக்டருக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம், 1,00,000 டாலருக்குக் குறையாத அபராதம், லைசென்ஸும் போகும். பலாத்காரத்துக்கே விலக்கு இல்லை. பிழைக்காத குழந்தைக்கும் இல்லை. அந்தம்மா ஏன் கதவைப் பார்த்தார் என்று இப்போது புரிகிறது, ஆனாலும் கோபம் போகவில்லை.

மே 20, திங்கள்

அவள் அம்மா திருச்சியிலிருந்து, "கிளம்பி இங்கே வந்துடுடி" என்று அழுகிறார். அங்கே கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டம் 1971-லிருந்தே இருக்கிறது, 20 வாரம் வரை ஒரு டாக்டர் ஒப்புக்கொண்டால் போதும். ஆனால் போனால் திரும்பி வர விசா ஸ்டாம்பிங் எப்போது கிடைக்குமோ, வேலை என்னாவது? கேன்சஸ் மாநிலத்தில் 22 வாரம் வரை அனுமதி உண்டு. 2022 ஆகஸ்டில் அந்த உரிமையைப் பறிக்க ஓட்டுக்கு விட்டு, மக்களே வேண்டாம் என்றுவிட்டார்கள். அங்கே விச்சிட்டா நகரத்துக் கிளினிக்கில் வெள்ளிக்கிழமைக்கு இடம் கிடைத்தது.

மே 24, வெள்ளி

விடியற்காலை மூன்றரைக்குக் கிளம்பினோம். அவள் கணவர் ஓட்ட, நான் பின் சீட்டில் தயிர்சாத டப்பாவோடு. "உன்மேல கேஸ் வருமா?" என்று என் வீட்டுக்காரர் நேற்றிரவு நாலு தடவை கேட்டார். வெளிமாநிலத்தில் சட்டப்படி நடப்பதற்கு வராது என்றுதான் வக்கீல்கள் எழுதியிருக்கிறார்கள் என்றேன். ஆனாலும் டெக்சாஸ் எல்லையில் இருக்கும் ரெட் ரிவர் பாலம் தாண்டும்வரை மூன்று பேரும் பேசவில்லை, ஏதோ கடத்தல் சாமான் ஏற்றி வந்த மாதிரி. தாண்டினாலும் ஓக்லஹோமா, அங்கேயும் தடைதான். கிளினிக் வாசலில் நின்ற 9 கார்களில் 6 டெக்சாஸ் நம்பர் பிளேட். உள்ளே நர்ஸ் அவளிடம் முதலில் கேட்டது, "எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறீர்கள்? சாப்பிட்டீர்களா?" அதற்குத்தான் அவள் உடைந்து அழுதாள்.

மே 31, வெள்ளி

சட்டத்தின் விலக்கு குழப்பமாக இருக்கிறது என்று அமாண்டா சுராவ்ஸ்கி போட்ட வழக்கில் இன்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 18-வது வாரத்தில் பனிக்குடம் உடைந்தும், தொற்று ரத்தத்தில் ஏறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தவர் அவர். தாயின் உயிருக்கு ஆபத்து என்றால் டாக்டர்கள் கருக்கலைப்பு செய்யலாம், சட்டத்தில் குழப்பமில்லை என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். குழப்பமில்லையாம்!

தங்கச்சி சாயங்காலம் வந்தாள். ரசம் வைத்துக் கொடுத்தேன், கொஞ்சம் சாப்பிட்டாள். போகும்போது அந்தக் கவரை நீட்டினாள், இன்னும் பிரிக்கவே இல்லை. "தூக்கிப் போட மனசு வரலக்கா, வீட்டுல வெச்சுக்கவும் முடியல." என் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.