ஏழரை டன்னும் ஒரு ஜாடி அச்சாரும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் குளிர்காலம் என்றால் சாயங்காலம் ஒரு முழுக்கைச் சட்டை போதும். அந்தக் கடற்கரை ஊரில்தான் பக்கத்து வீட்டு அங்கிள் கராஜுக்குள் பனிச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருக்கிறார். கேட்டால், "லெசோத்தோவில் அஃப்ரிஸ்கி இருக்கே, எக்ஸே!" என்பார். அந்தப் பக்கத்து மலைநாட்டுப் பனிச்சறுக்குத் தலம் இருக்கிறதுதான், 3,000 மீட்டர் உயரத்துக்கு மேலே. காலையில் காரில் கிளம்பினால் மதியம் தாண்டித்தான் போய்ச் சேரலாம்.

போன சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டார். "லைட்டி, நீ நெசவுக்காரர் மகன். இந்தத் துணியைக் கொஞ்சம் பார்." லைட்டி என்றால் இந்த ஊர்ப் பேச்சில் சின்னப் பையன்.

துணி என்று அவர் காட்டியது, தீயணைப்புக்குப் பயன்படுத்திய பழைய ஹோஸ் இரண்டு. உள்ளே ரப்பர், வெளியே பாலியெஸ்டர் நெசவு. காயலான் கடையில் வாங்கிய இரும்பு உத்தரங்களுக்கு நடுவே அச்சு, அதன் மேல் மரமும் கண்ணாடி இழையும் பிசினும், அதற்கும் மேல் இந்த ஹோஸ்கள். கம்ப்ரஸரால் காற்றடித்தால் ஹோஸ் உப்பிப் பலகையை அழுத்தும். அழுத்தம் 40 பிஎஸ்ஐ போதுமாம். கார் டயர் காற்றைவிடக் கொஞ்சம்தான் கூட என்று நானும் அலட்சியமாக இருந்துவிட்டேன். அப்புறம் அரைச் சாணுக்கு மேலாவது அகலம் இருக்குமே என்று 15 சென்டிமீட்டர் அகலம், 180 நீளம் வைத்துப் பெருக்கிப் பார்த்தால் ஏழரை டன் வருகிறது. அந்த எண்ணைப் பார்த்தவுடனே நான் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

நல்லவேளை, முதல் ஓட்டம் பிசின் இல்லாமல். முள் 10, 20 என்று ஏறியது. ஹோஸ் கொழுத்தது. 30 தாண்டியபோது ஹோஸின் முனையை இறுக்கிய இரும்புப் பட்டை மெதுவாக, ஆமை தலை நீட்டுகிற மாதிரி, வெளியே வந்தது. அங்கே ஆன்ட்டியின் அலமாரி. இடையில் நாங்கள் விட்டிருந்த இடம் இரண்டு விரல். ஹோஸ் நீண்டதோ மூன்று விரல். மேல் தட்டில் இருந்த மாங்காய் அச்சார் ஜாடி ஒரு கணம் யோசித்தது, பிறகு விழுந்தது.

கராஜ் முழுக்க எண்ணெய், கடுகு, ஆன்ட்டியின் மௌனம்.

ராத்திரி சென்னிமலைக்குப் போன் போட்டேன். அப்பா சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. "ஏண்டா, ஒரு மீட்டர் துணிக்கு ஒரு மீட்டருக்கு மேல பாவு போடறமே, அந்த மிச்சம் எங்க போகுதுன்னு நெனச்ச?"

அவ்வளவுதான் விஷயம். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நேராகப் போவதில்லை, குறுக்கே ஓடும் ஊடை நூலுக்கு மேலும் கீழுமாக நெளிந்து நெளிந்து போகிறது. இழுத்தால் முதலில் அந்த நெளிவு நிமிரும், அதற்கு அதிக பலம் வேண்டாம். நெளிவு தீர்ந்த பிறகுதான் நூலே நீள வேண்டும், அது லேசில் நடக்காது. புது நாடாக் கட்டில் முதல் வாரத்தில் தொய்ந்துவிட்டு அப்புறம் அப்படியே நிற்பதும் பெரும்பாலும் இதனால்தான். தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு இதை போனில் சொல்லித்தர வேண்டியிருந்தது.

மறுநாள் அலமாரியை நகர்த்தினோம், கேட்காமலேயே. ஹோஸ் முனையில் சாக்பீஸ் கோடு போட்டு, பலகை வைக்காமல் மூன்று தடவை காற்றடித்து இறக்கினோம். முதல் தடவை ஒரு விரல் நீண்டது. நேற்றே பாதி நெளிவு போய்விட்டதே! மூன்றாவது தடவை கோடு நகர்ந்ததா இல்லையா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கவேண்டியிருந்தது.

கண்ணாடி இழைத் துணி விரிக்கும்போது அங்கிள் அதை மூலையைப் பிடித்து இழுத்தார். கைக்குட்டையை மூலைக்கு மூலை இழுத்துப் பாருங்கள், ரப்பர் மாதிரி வரும். துணி கோணிக்கொண்டது. அதற்கு ஒரு சண்டை.

திங்கட்கிழமை அச்சிலிருந்து எடுத்தோம். பலகை நேராகத்தான் இருக்கிறது. ஆன்ட்டி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உத்தரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "உப்புப் போட்ட மாங்காயில் தண்ணி வடிக்க இதில் எத்தனை பிஎஸ்ஐ வைக்கணும்?"